மேலூட்டுச் சாவி

எங்கள் வகையறாவின் பெயரைக் கம்ப்யூட்டர் சரக்குக்கு வைத்தவன் என் தம்பி மகன் சுதாகர். என்னைக் கேட்காமல் வைத்தான். கல்லூரியில் படித்த காலத்தில் யாராவது மலைக்காரன் என்று சொல்லிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவன். ஊரைக் கேட்டால் நாமக்கல் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வான். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் கம்பெனி தொடங்கியதும், மண்ணோடு ஒட்டிய பெயராக இருந்தால் நன்றாக விலைபோகும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். உடனே இவனுக்கு மலை ஞாபகம் வந்துவிட்டது. 'மேலூடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

எங்கள் மலையில் குண்டூர் நாட்டில் மேலூடு, அதாவது மேல்வீடு, என்றால் நாங்கள்தான். கல்யாணப் பேச்சு முறிந்தாலும், வரப்புத் தகராறு வந்தாலும், நடுவில் ஒரு ஆள் நின்று சொல்ல வேண்டுமென்றால் மேலூட்டுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். என் அப்பனுக்குப் பிறகு அந்த இடத்தில் நல்லமுத்து ஆகிய நான் நிற்கிறேன். அப்படிப்பட்ட பெயரைச் சோப்புக்கட்டியில் அச்சடிப்பதுபோல் அச்சடித்துவிட்டு, "உங்களுக்குப் பெருமைதானுங்களே பெரியப்பா" என்று போனில் சிரித்தான்.

சரக்கு என்னவென்று என் மகள் மேகலாதான் எனக்கு விளக்கினாள். அவளும் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். ஆனால் பெங்களூருக்குப் போகாமல் எங்கள் வீட்டு மேலறையில் உட்கார்ந்து செய்கிறாள். இப்போது தொழில் செய்கிறவர்கள் சொந்தமாகப் பெரிய கம்ப்யூட்டர் வாங்கி வைப்பதில்லையாம். பெரிய கம்பெனிகள் எங்கோ அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் இடத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் கிளவுட். அந்த இடத்தில் கம்ப்யூட்டர் ஓடுவதற்கு லினக்ஸ் என்கிற அடிப்படை மென்பொருள் வேண்டும். அதை ஒவ்வொருவரும் முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒருவர் வேண்டியதைப் போட்டு, வேண்டாததை நீக்கி, முழுதாகக் கட்டி, அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கிறார். அதுதான் இமேஜ். வாங்குகிறவர் அதிலிருந்து தனக்கு வேண்டிய சர்வர்களை, அதாவது ஓடுகிற கம்ப்யூட்டர்களை, எழுப்பிக்கொள்ளலாம். சுதாகரின் கம்பெனி கட்டுகிறது. மேகலா அதைச் சோதிக்கிறாள்.

பெங்களூரில் இருக்கும் அவன் ஆட்களின் சோதனையைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். தங்கள் மேசையில் ஒருமுறை எழும்பினால் போதும், கைகுலுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்களாம். ஒரு கிளவுட்டில் எழும்புவது இன்னொன்றில் எழும்பாது. ஒன்றில் வாடகைக்கு எடுத்த இடம் முழுவதும் விரியாமல் சுருங்கியே கிடக்கும். இன்னொன்றில் நெட்வொர்க் கிடைக்காமல் குருடாக நிற்கும். மேகலா சரக்கு போகிற மூன்று கம்பெனிகளின் கிளவுட்டிலும் தனித்தனியாக எழுப்பிப் பார்ப்பாள். உள்ளே வர வேண்டியவர் வர முடிகிறதா என்று பார்த்த பிறகு, வரக்கூடாதவர் வர முடிகிறதா என்றும் பார்ப்பாள். இந்த இரண்டாவதைத்தான் மற்றவர்கள் பார்ப்பதே இல்லையாம்.

அதனால்தான் நான் சுதாகருக்கு ஒரு நிபந்தனை போட்டேன். "பேரை வச்சது வச்சுட்ட. மேகலா சரின்னு சொல்லாம எதுவும் அந்தப் பேருல வெளிய போகக்கூடாது." ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்வதில் அவனைப்போல் வேகமான ஆளை நான் பார்த்ததில்லை.

முதல் ஆளாக வாங்கியவர் ராசிபுரம் ஹபீப் ரஹ்மான். மிளகும் காப்பிக்கொட்டையும் மொத்தமாக எடுக்கிறவர். எங்கள் காட்டு மிளகு அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் கடைக்குத்தான் போகிறது. கொள்முதல், சரக்கு, யாருக்கு எந்த விலை என்ற கடைச் சங்கதி முழுவதையும் கிளவுட்டுக்கு மாற்றினார். மிளகு எடுக்க வந்த அன்று என்னிடம் சொன்னார். "எனக்கு லினக்சும் தெரியாது, ஒன்னும் தெரியாதுண்ணே. எம்பையன் நாலு சரக்கோட பேரைக் காட்டுனான். மேலூடுன்னு ஒன்னு இருந்துச்சு. அதையே போடுன்னுட்டேன்."

எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலையில் மேகலா மேலறையிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சரியில்லை. அவள் அம்மா இருசாயி தோசையை வைத்தாள். தொடவில்லை.

"என்ன கண்ணு?"

"ஒன்னுமில்லீங்கப்பா. ஒரு சாவி போகவே மாட்டேங்குது."

கேட்டுத் தெரிந்துகொண்டேன். இமேஜைக் கட்டும்போது கட்டுகிற ஆள் உள்ளே போய் வருவதற்கு ஒரு சாவி வேண்டும். இரும்புச் சாவி இல்லை, கம்ப்யூட்டர் சாவி. கட்டி முடித்ததும் அந்தச் சாவி செல்லாதபடி நீக்கிவிட வேண்டும். வாங்கியவர் முதல்முறை எழுப்பும்போது அந்தச் சர்வர் தனக்கென்று புதுச் சாவிகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதன் பிறகு வாங்கியவர் விட்டால்தான் யாரும் உள்ளே போகலாம். புதிதாக வெளிவரவிருந்த இமேஜை மேகலா சோதித்திருக்கிறாள். கட்டும்போது பயன்படுத்திய சாவியைப் போட்டிருக்கிறாள். கதவு திறந்துவிட்டது.

சாவியை நீக்கும் இடத்தில் ஏதோ பிசகு என்று நினைத்துத் திருத்தி, மறுபடி கட்டச் சொன்னாள். மறுபடியும் திறந்தது. அவள் திருத்தியதை யாரோ அழித்திருந்தார்கள். ஹபீப் பாய்க்குப் போன பழைய இமேஜைக் கிளவுட்டில் எழுப்பிப் பார்த்தாள். அதுவும் திறந்தது.

"யாரு அழிச்சா?"

"சுதாகரண்ணன்தானுங்க. கேட்டேன். இருக்கட்டும் விடுன்னுச்சு."

அந்த நேரத்தில் சுதாகர் எங்கள் வளவுக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டிருந்தான். வீடு என்று சொல்கிறேன். வெளியே நின்று பார்த்தால் லாட்ஜ் என்றுதான் நினைப்பீர்கள். மலையில் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டியிருக்கிறான், மேகம் வந்து முட்டினால் உள்ளே இருப்பவர்கள் எதைப் பார்ப்பார்களோ. புதுமனை புகுவிழாவுக்கு ஏற்பாடு செய்ய அவனே காரில் முள்ளுக்குறிச்சிப் பாதையாக ஏறி வந்தான். மிளகு காயப் போட்டிருந்த களத்தில் அவனை நிறுத்தினேன். மேகலாவும் இருந்தாள்.

"அந்தச் சாவி எதுக்கு சாமி?"

அவன் மேகலாவை ஒரு பார்வை பார்த்தான். "இதையெல்லாம் பெரியப்பாகிட்டச் சொல்லணுமா நீ?"

"அவ சொல்றது இருக்கட்டும். நான் கேட்டேன்."

"சப்போர்ட்டுக்குங்க பெரியப்பா. சர்வர் நின்னுபோச்சுன்னா அவங்களுக்குச் சரிபண்ணத் தெரியாது. போன் பண்ணி உசுர எடுப்பாங்க. நாமளே உள்ள போயி டக்குன்னு பாத்துட்டு வந்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

"நீ வந்துட்டுப் போறது அவங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னா பயந்துக்குவாங்க. நான் என்ன திருடவா போறேன்?"

மேகலா குறுக்கிட்டாள். "அவங்களா கூப்பிட்டுச் சாவி குடுத்தா வாங்கிக்கண்ணா, யார் வேண்டாம்னா. நீ கேக்காம வச்சுட்டு வந்திருக்கற. நாளைக்கு அந்தச் சாவி எவன் கைக்காவது போச்சுன்னா, மேலூடுன்னு பேர் போட்ட அத்தனை சர்வரும் அவனுக்குத் தொறக்கும்."

"போற மாதிரி வச்சிருக்கறனா நானு?"

"போன மாசம் செல்போனையே ஓட்டல்ல வச்சுட்டு வந்தியே."

அவன் சிரித்து மழுப்பினான். "நீ சரின்னு போடலீன்னா விடு கண்ணு. சதீஷ்குமார் போட்டுருவான். திங்கக்கிழமை வெளிய போயாகணும்."

அந்த சதீஷ்குமார் யாரென்று எனக்குத் தெரியாது. சோதிக்காமல் சரி போடுவதற்கென்று ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறான் என்பது மட்டும் விளங்கியது.

"எங்கிட்ட ஒப்புக்கிட்டது என்னாச்சு?" என்றேன். "மேகலா சரி சொல்லாத எதுலயும் எங்க பேரு இருக்காது. பேரை எடுத்துரு."

அவன் தயங்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. "அதுக்கென்னங்க பெரியப்பா, எடுத்தர்றேன். 'ஹில்டாப்'னு ஒன்னு யோசிச்சு வச்சிருக்கறேன். இன்னும் நல்லாவே இருக்கும்." காலில் ஒட்டிய மிளகைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான். எத்தனை தலைமுறையாகச் சேர்த்த பெயர். கால் தூசியைப்போல் தட்டிவிட்டான்.

பெயர் தப்பியது என்று நினைத்துத் திரும்பினேன். மேகலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானுங்களா உங்களுக்கு?"

"வேறென்ன? நம்ம பேரு வெளிய வந்துருச்சு."

"ஹபீப் பாய் கடைக்குள்ள அவன் சொல்லாமப் போறது, நம்ம பேருல போனாத் தப்பு. ஹில்டாப்புன்னு போனாப் பரவால்லீங்களா?"

என் மகள் அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு மேலறைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு யோசித்தபோது, ஹபீப் ரஹ்மான் சர்வரின் பெயரை நம்பி வரவில்லை என்பது உறைத்தது. என்னை நம்பி வந்தார். பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் நான் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டதாகுமா?

சுதாகரிடம் பேசிப் பயனில்லை. அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு 'சரிங்க' தயாராக இருக்கும். அவன் வீட்டுத் திசையைப் பார்த்தேன். அங்கே கொத்தனார் அர்த்தனாரி பின்வாசலுக்குப் பூட்டு பொருத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் வகையறாவில் ஒரு முறை இருக்கிறது. புது வீடு கட்டி முடிந்ததும், கட்டியவர்கள், கல் தூக்கிக் கொடுத்த சொந்தக்காரர்கள், எல்லாரும் வாசலில் நின்று "கையை எடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கிவிட வேண்டும். வீட்டுக்காரன் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வான். மறுநாள் விடிந்ததும் அவனும் அவன் பெண்டாட்டியும் கோயிலுக்குப் போய் வந்து, தாங்களே திறந்து, தாங்களே அடுப்பு மூட்ட வேண்டும். பால் பொங்கிய பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடப்படாதவர் பெற்ற தகப்பனே ஆனாலும் உள்ளே கால் வைக்கக்கூடாது. என் தாத்தா தன் தம்பிக்கு வீடு கட்டிக் கொடுத்தார். ஏதோ மனத்தாங்கலில் தம்பி அவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. தாத்தா மழையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். சாகும்வரை அந்த வீட்டுக்குள் போகவில்லை. அதை யாரும் குறையாகப் பேசவில்லை. தாத்தா முறை தவறவில்லை என்றுதான் பேசினார்கள்.

சுதாகரும் இந்த முறைப்படித்தான் செய்வேன் என்று சொல்லியிருந்தான். வீடியோ எடுக்க ஆள் வைத்திருந்தான்.

நான் இறங்கிப் போய் அர்த்தனாரியிடம், "பின்வாசச் சாவி ஒன்னு குடு" என்றேன். ஏன் எதற்கு என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். பூட்டோடு வந்த சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"உங்களுக்கில்லாத சாவியாங்க."

அவ்வளவு சுலபம். யார் வீட்டுச் சாவியை யாருக்குக் கொடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

புகுவிழா அன்று, கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போனதைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். என் கால் ஒரு கணம் நிலைப்படியில் நின்றது. நான் சொல்லி நிறைவேற்றி வைக்கிற முறையை நானே மீறப் போகிறேன். மீறினால் எனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். உள்ளே போய், சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தரை வழுக்கியது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நான் எதிர்பார்த்தபடியே மேகம் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

முன்வாசலில் மேளச் சத்தம் நின்றது. பூட்டுத் திறந்தது. சுதாகர் குடத்தோடும், அவன் மனைவி ராஜேஸ்வரி பால் செம்போடும் நேராகச் சமையலறைக்கு வந்தார்கள். பின்னால் கேமராக்காரன். திறந்த கதவு வழியாக வாசலில் நின்ற சொந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. ஹபீப் ரஹ்மான் முன்வரிசையில் நின்றார். மேகலாவும் நின்றாள்.

ராஜேஸ்வரியின் கையிலிருந்த பால் தளும்பியது.

"பெரியப்பா," என்றான் சுதாகர். குரல் அடங்கிப் போயிருந்தது. "எப்படி உள்ள வந்தீங்க?"

"சாவி இருந்துச்சு சாமி."

"யாரு குடுத்தா?"

"யாரு குடுத்தா என்ன? நான் என்ன திருடவா வந்தேன்? நாளைக்குக் குழாய் ஒழுகும், பல்பு எரியாது. உனக்குச் சரிபண்ணத் தெரியாது. உன்னத் தொந்தரவு பண்ணாம நானே வந்து டக்குன்னு பாத்துட்டுப் போயிரலாம்னுதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சொன்னா பயந்துக்குவ."

அவனுக்கு விளங்கிவிட்டது. முகத்திலிருந்த சந்தனத்துக்கு அடியில் நிறம் மாறியதைப் பார்த்தேன். கேமராக்காரன் நல்ல பிள்ளை, கேமராவைத் தாழ்த்திவிட்டான்.

ஆனால் எதிர்பார்க்காத கேள்வி ராஜேஸ்வரியிடமிருந்து வந்தது. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அவனைப் பார்த்துக் கேட்டாள். "இன்னும் யாருகிட்டல்லாம் சாவி இருக்குது?"

அவன் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பொழுதுக்கும் நீங்க பெங்களூர்ல இருப்பீங்க. நானும் புள்ளையும் இங்க தனியாப் படுக்கணும். யாருகிட்டல்லாம் இருக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கே தெரியாதா?"

வாசலிலிருந்து ஹபீப் ரஹ்மான் மெதுவாகக் கேட்டார். "நல்லமுத்துண்ணே, இது ஊட்டுச் சமாச்சாரம் மாதிரி தெரியலியே. சப்போர்ட்டு, தொந்தரவுன்னு சரக்கு விக்கறப்ப தம்பி எங்கிட்டப் பேசுன பேச்சா இருக்கு."

"அவங்கிட்டயே கேளுங்க பாய்," என்றேன். "நான் சொன்னா கோள் சொன்னதாப் போகும்."

சுதாகர் குடத்தை இறக்கி வைத்தான். சர்வரில் விட்டு வைத்த சாவியைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது, சுருக்கமாகச் சொன்னான் என்பது மட்டும்தான்.

ஹபீப் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "உள்ள வந்திருக்கீங்களா தம்பி?"

"ஒருக்கா. உங்க பேக்கப் நின்னுபோயிருந்துச்சு. அதச் சரிபண்ண."

"அது தானாச் சரியாயிடுச்சுன்னு பையன் சொன்னான். நானும் நல்ல சரக்குன்னு நாலு பேருகிட்டப் பெருமை பேசிட்டேன்." அவர் வாசலிலிருந்து இறங்கிப் போகவில்லை. காத்திருந்தார். திட்டியிருந்தால்கூட சுதாகருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் எழுந்து பின்வாசல் வழியாகவே வெளியே வந்து, முன்பக்கம் சுற்றிப் போய்த் தள்ளி நின்றேன். சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். மேலூட்டுக்காரரே இப்படிச் செய்யலாமா என்று என் காதுபடவே ஒரு குரல் வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். முதுகை வளைக்காமல் நின்றேன்.

பால் பொங்குவதற்கு முன்பே ராஜேஸ்வரி பூட்டு மாற்ற ஆள் அனுப்பச் சொல்லிவிட்டாள். சுதாகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படியில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். மேகலா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அழித்திருந்ததை அவன் கையாலேயே திரும்பப் போடச் சொன்னாள். இமேஜ் கட்டி முடியும்வரை பந்தி காத்திருந்தது. மூன்று கிளவுட்டிலும் சர்வர்களை எழுப்பினாள்.

"இப்ப நீ உள்ள போண்ணா."

"நீயே போட்டுப் பாரு."

"உன் சாவி. நீதான் போடணும்."

போட்டான். அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த கிளவுட்டிலும் அப்படியே வந்தது. மூன்றாவதில் கதவு திறந்துகொண்டு, "மேலூடு. வாங்க" என்று திரை வரவேற்றது. மேகலா உதட்டைப் பிதுக்கினாள். "பழைய இமேஜோட நகல் ஒன்னு இங்க இன்னும் இருக்குது. அதத்தான் எடுத்திருக்கு. இதையும் எடுத்துப்போடு, கிளவுட் கம்ப்யூட்டர் எந்தெந்த ஊர்ல இருக்குதோ எல்லா ஊர்லயும் எடுத்துப்போடு." எடுத்தான். மறுபடி எழுப்பினாள். அனுமதி இல்லை. தன் பெயரில் கட்டிய கதவின் முன்னால் அவன் நின்ற நிலையை நான் தள்ளியிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"என்னோடதுல அந்தச் சாவி இருக்குமே?" என்றார் ஹபீப் பாய்.

"இருக்குங்க," என்றாள் மேகலா. "புது இமேஜ் வந்தாலும் ஏற்கெனவே எழுப்புன சர்வர்ல அது தானாப் போகாது. உங்க கையாலயே எடுங்க. நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

அவர் மகனுக்குப் போன் போட்டார். மேகலா சொல்லச் சொல்ல அங்கே கடையில் இருந்த பையன் எடுத்தான். எடுத்த பிறகு சுதாகரை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார் பாய். அங்கேயும் அனுமதி இல்லை. "சரிம்மா," என்றார் மேகலாவிடம். "இனி உன் வாயால சரின்னு வந்தா மட்டும் எனக்கு அனுப்பு. பேரு என்னமோ வச்சுக்கங்க."

பெயர் மேலூடு என்றே இருக்கிறது. சுதாகர் ஹில்டாப்பைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

பால் பொங்கிற்று. ராஜேஸ்வரி வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஹபீப் ரஹ்மானைக் கூப்பிட்டாள். மேகலாவை, இருசாயியைக் கூப்பிட்டாள். அர்த்தனாரியைக் கூப்பிட்டு, உள்ளே வந்ததும் மிச்சச் சாவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். சுதாகர் அவள் தோளைத் தொட்டான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

சரிதான். கூப்பிடாமல் நுழைந்தவனைக் கூப்பிடுவது முறையில்லை. அவன் வாழ்நாளில் முறை பார்த்துச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதையும் என் விஷயத்தில் செய்தான்.

காப்பியை வெளியே கொடுத்தனுப்பினார்கள். நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஏறினேன். அந்தக் கண்ணாடி வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் காட்டுக்குப் போகிறேன். ராஜேஸ்வரி கண்டால், "ஏனுங்க மாமா, சௌக்கியங்களா" என்று வாசலிலிருந்தே கேட்பாள். நானும் ரோட்டிலிருந்தே பதில் சொல்வேன். பின்வாசல் சாவி என் சட்டைப்பையில் கிடக்கிறது. அந்தப் பூட்டைக் கழற்றி எங்கோ வீசிவிட்டார்கள்.